காட்போட் வாங்கிய இரண்டாவது திரை

கர்ர்ர்ரக்.

பார்சல் கட்டுகிற மண்ணிற டேப்பை யாராவது இழுத்துக் கிழித்தால் போதும், எனக்குப் பயம் வரும். கூடவே சிரிப்பும் வரும். இரண்டும் ஒன்றாக வருவது காட்போட்டின் புண்ணியத்தில்.

இன்னும் வாங்காத ஒரு சாமானுக்கு உறை தைத்து, தூசி துடைத்து, அது விழுந்து உடைந்துவிடுமோ என்று பஸ்சுக்குள் நடுங்கிய மனிதன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான். தாய் தகப்பன் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. எப்போதும் அட்டையும் கையுமாகத் திரிந்ததால் ஊருக்கு அவன் காட்போட்.

புளியந்தீவில், வாவியைப் பார்த்த ஒரு மாடி அறை எங்கள் அலுவலகம். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற துண்டுக் குறிப்புகளை ஒரு வெளிநாட்டுக் கம்பனிக்காக நான் தமிழாக்குவேன். அவன் மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை பிடிப்பான். வேறெந்த ஊரிலோ யாரோ ஒரே திரையில் மாறி மாறிப் பார்த்து, ‘சாப்பாட்டுக்கு முன்’ என்பதை ‘பின்’ என்று விட்டுவிட்டார்களாம். கம்பனி கட்டளை போட்டது: ஒப்பிடுகிறவர்களுக்கு இனி இரண்டு திரை வேண்டும், வருகிற மாதம் முதல் திங்கள் வீடியோவில் பரீட்சை. எங்களைச் சோடியாகத்தான் எடுத்திருந்தார்கள். அவன் தவறினால் நானும் வீட்டில்.

அவன் தேற்றாத்தீவிலிருந்து பஸ்சில் வந்துபோகிறவன். கரண்ட் போனால் இருவரும் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு இடம் மாறுவோம். ஆகவே பையில் வைக்கிற மெல்லிய மொனிட்டர்தான் தோது. அது ஒரு நிமிடத்தில் முடிவாகிவிட்டது. எந்த மொனிட்டர் என்பதில்தான் என் ஆயுள் தேய்ந்தது.

மறுநாள் மூன்று அளவில் மட்டை வெட்டிக்கொண்டு வந்தான்.

“பதினாலு இஞ்சி கண்ணுக்குக் காணாது மச்சான். பதினேழு பைக்குள்ள போகாது. பதினஞ்சர எண்டா முழங்கால்ல இடிக்கிது.”

“எண்டா எதத்தான் வாங்கப்போறாய்?”

“அதுதான்கா பயமா இரிக்கி.”

அடுத்து, பாரம். இரண்டு மட்டைக்கு நடுவே கடற்கரை மணலைக் கொட்டி, விளம்பரத்தில் போட்ட நிறை வருமட்டும் நிறுத்து, சுற்றிவர டேப் ஒட்டினான். கர்ர்ர்ரக். அதற்கு மனைவியின் பழைய சேலையில் உறை. பஸ் குலுங்கும்போதெல்லாம் மடியில் அது சரசரத்தது.

“அண்ண, உள்ளுக்க என்ன, பாம்பா?” என்று கேட்ட கொண்டக்டர், பதிலுக்குக் காத்திராமல் முன்பக்கம் போய்விட்டார்.

காலையில் எங்கள் வாவி, வெளிச்சத்தை வாளி வாளியாக அள்ளி அறைக்குள் எறியும். பளபளக்கிற திரையா, மங்கல் திரையா? பால்மாப் பக்கட்டின் வெள்ளித்தாளை ஒரு மட்டையில் ஒட்டி, அதன் முன்னே குந்தினான். தன் முகத்தைத் தானே பார்த்துத் திடுக்கிட்டான்.

“இந்த மூஞ்சையப் பாத்துக்கொண்டு மருந்துக் கணக்குப் பாக்க ஏலா.”

மங்கல் திரை. ஒரு முடிவு! நான் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்ததும், “மறுகா யோசிப்பமா?” என்றான்.

பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை, பொறுமை செத்து, அவனைக் காத்தான்குடிக் கடையொன்றுக்கு இழுத்துப் போனேன்.

“லெப்டொப்பக் கொண்டந்தீங்களா தம்பி? வயரக் குத்திப் பாத்தே எடுக்கலாம்,” என்றார் கடைக்கார முஸ்லிம் அண்ணன்; எங்களுக்கு அவர் நானா.

பையைத் திறந்தான். உள்ளேயிருந்து வந்தது மட்டையில் செய்த லெப்டொப். திறந்தது, மடிந்தது, ஓரத்து ஓட்டைகள் எல்லாம் நீலப் பேனாவால் கீறப்பட்டிருந்தன.

“உண்மையானது பஸ்சில அடிபட்டிரும் நானா. பரீட்சைக்கு அதுதானே வேணும்.”

நானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கீறிய ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “டைப் சி இரிக்கி. சரி. ஆனா தம்பி…”

அந்த ‘ஆனா’வை அவர் முடிக்கவில்லை. உப்புக்காற்றுக்கு ஊத்தை பிடிக்குமா, வெக்கைக்கு வளையுமா, பல்லி ஏறினால் கீறுப்படுமா என்று காட்போட் தொடங்கிவிட்டான்.

“எங்கட ஊட்டுல மாப்பிள பாக்கக்குள்ளயும் இவ்வளவு கேக்கல்ல!” என்று நானா கையெடுத்துக் கும்பிட்டார். பதினைந்தரை இஞ்சியைப் பையில் போட்டு, நானே அவனைக் கடையிலிருந்து தள்ளி வெளியேற்றினேன்.

திங்கள் வந்தது. மட்டையை வைத்து எல்லாவற்றையும் சோதித்தவன் ஒன்றை விட்டுவிட்டான். மட்டைக்கு யார் வயர் குத்திப் பார்ப்பார்கள்? குத்தினான். புதுத்திரை கண் விழித்தது, ‘சிக்னல் இல்லை’ என்றது, மறுபடி கறுத்துப்போனது. அவன் முகமும் அப்படியே.

நான் நானாவுக்குப் போன் எடுத்தேன்.

“எல்லா டைப் சியும் படம் அனுப்பாது. சிலது சார்ஜுக்கு மட்டுந்தான். அதத்தான் அண்டைக்குச் சொல்ல வந்த. பெட்டிக்குள்ள எச்.டி.எம்.ஐ வயர் இரிக்கும், எடுத்துக் குத்துங்க.”

காட்போட் ஈனக்குரலில் சொன்னான்: “பெட்டி பழுதாப் போயிரும் எண்டு டேப் சுத்தி, ஊட்ட அலுமாரிக்கு மேல வெச்சிட்டன் நானா.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. “எழும்பாதீங்க. வயரோட வாறன்.”

நானா வருவதற்குள் வீடியோ அழைப்பு வந்துவிட்டது. கம்பனியின் மேற்பார்வையாளர், சிரிக்கத் தெரியாத ஒரு தமிழ்ப் பெண்மணி.

“இரண்டாவது திரையைக் காட்டுங்கோ.”

கமராவைத் திருப்பினான். கறுத்த மொனிட்டர். பக்கத்தில் சேலை உடுத்திய மட்டை.

“அதென்ன?”

ஏதாவது பொய் சொல்லடா என்று நான் மேசைக்குக் கீழே அவன் காலை மிதித்தேன்.

“மட்டை, மேடம். வாங்க முதல் பழகினது. மொனிட்டர் இதுதான். வயர் கல்லடிப் பாலத்தால வந்துகொண்டிரிக்கி.”

“பழகினதோ?”

அவன் விளக்கினான். மூன்று அளவு, மணல், வெள்ளித்தாள், பல்லி. எதையும் விடவில்லை. எங்கள் வேலை அத்தோடு வாவியில் கரைந்தது என்று நான் கண்ணை மூடினேன். திறந்தபோது அந்தப் பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கிக்கொண்டிருந்தார். கீழே மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடித்தது.

ஹெல்மெட்டோடு நானா படியேறினார். படம் வந்தது. தடித்த வயர் இழுத்ததில் மொனிட்டர் சறுக்கி விழப்பார்த்தது. காட்போட் மணல் மட்டையை அதன் முதுகுக்கு முட்டுக்கொடுத்தான். மலைபோல நின்றது.

பரீட்சை தொடங்கியதும் அவன் இரண்டு திரையையும் வரி வரியாக ஒப்பிட்டான். ‘மூன்று நாளைக்கு ஒரு முறை’ என்ற மூலம் தமிழில் ‘ஒரு நாளைக்கு மூன்று முறை’ ஆகியிருந்த இடத்தில் விரலை வைத்தான். “இந்த மருந்த ஆரோ ஒராளிட வாப்பாவோ அப்பாவோ குடிக்கப்போறார் மேடம்,” என்றான். மட்டை வெட்டிய அதே பயந்தான். அது எங்கள் சோற்றைக் காப்பாற்றியது.

சில வருடங்களில் கம்பனி அவனைத் தன்னிடமே கூப்பிட்டுக்கொண்டது. கொழும்புக் கோச்சியில் ஏற்றிவிட ரயில் நிலையத்துக்குப் போனேன். ஜன்னலால் ஒரு பார்சலை நீட்டினான், சுற்றிவர மண்ணிற டேப். வாங்கினேன். உள்ளே மணல் சரசரத்தது.

“இனி எனக்கு ஆர்ரா பிழ பிடிக்கிற?” என்று கேட்டேன். கோச்சி அசைந்தது. அவன் தலையை வெளியே நீட்டினான்.

“எழுதின பக்கத்த இதில சாச்சி வெச்சி, ஒருக்காப் பயந்து பயந்து வாசி மச்சான். இதுக்கு வயர் தேவையில்ல.”