அர்பாபை வேகவைத்த டீசல் பிக்கப்

ஒரே ஒரு எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்துவிட்டால் போதும், உலகத்திலுள்ள எல்லா எஞ்சினும் நமக்குச் சொந்தக்காரன் என்ற நினைப்பு வந்துவிடும். எனக்கு வந்தது. ஒரத்தநாட்டில் ஆயில் எஞ்சின் பட்டறையில் தொழில் பழகியவன் நான். எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை. (நான்தான் பள்ளிக்கூடத்தைத் தாங்கவில்லை என்று உங்கள் அம்மா சொல்வாள். நம்பாதீர்கள்.) வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற டீசல் எஞ்சின்கள் என் கையில் எத்தனையோ உயிர் பிழைத்திருக்கின்றன. அந்தத் தெம்பிலேயே துபாய்க்குப் போய் இறங்கினேன்.

பிள்ளைகளே, நீங்களும் இப்போது வண்டி வாங்குகிற வயதுக்கு வந்துவிட்டீர்கள். வாங்குவதற்கு முன்னால் அப்பா ஒரு வண்டிக்கு எஞ்சின் தேர்ந்தெடுத்த கதையை முழுசாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மா சொல்கிற கதையில் மசாலா அதிகம்.

எண்பதுகளின் நடுவில் நான் துபாயின் தேரா பகுதியில் கட்டடச் சாமான் விற்கிற ஒரு கடையில் ஹெல்பராக இருந்தேன். எங்கள் முதலாளி ஒரு அரபி. அங்கே முதலாளியை எல்லாரும் 'அர்பாப்' என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர். கோபம் வந்தால் மட்டும் வெள்ளை அங்கியின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டுவார். நான் அடித்துப் பிடித்து அந்த ஊர் லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தேன். ஓட்டத்தான் வண்டி இல்லை. உங்கள் அம்மா ஊரில், மூத்தவள் செல்வி மடியில். ஹெல்பருக்குக் குடும்ப விசா கிடையாது. டிரைவரானால் அர்பாப் மனது வைத்து வாங்கித் தரலாம் என்று கடையில் பேச்சு.

ஒருநாள் அர்பாப் என்னைக் கூப்பிட்டார். அவருக்கும் எனக்கும் நடந்த பேச்செல்லாம் பாதி இந்தி, பாதி அரபி, மீதி கை. உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

"நீ மெக்கானிக்தானே?"

"ஆமா அர்பாப். டீசல் மெக்கானிக்."

"புது பிக்கப் வாங்கப் போறேன். தினமும் தேரா சந்துபொந்தெல்லாம் சாமான் கொண்டு போகணும். வெள்ளிக்கிழமை படகு கட்டி இழுக்கணும். ஒரே வண்டி, ரெண்டு வேலை. எந்த எஞ்சின் எடுக்கலாம்? நீ சொல்ற வண்டி நல்லா இருந்தா நீதான் அதுக்கு டிரைவர். உன் குடும்பத்தையும் கூட்டிட்டு வந்துக்கோ."

எனக்கு அங்கேயே உங்கள் அம்மா பெட்டியோடு விமானத்தைவிட்டு இறங்குவது தெரிந்தது. யோசிக்கவே இல்லை. "டீசல்!" என்றேன்.

கடையில் கணக்கு எழுதுகிற சிவஞானம் அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். ஆங்கிலம், அரபி இரண்டும் தெரிந்தவர். வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் வண்டியைப் பற்றி அச்சடித்த எதையும் விடாமல் வாசித்துவிடுவார். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தம்பி, நீர் சொல்லுறது தண்ணி இறைக்கிற மிசின். அது ஒரு இடத்திலை நிண்டு வேலை செய்யிறது. இது ரோட்டிலை ஓடவேணும். படகையும் கட்டி, ஏசியையும் போட்டு, மலை ஏத்தினா உந்த டீசல் மூச்சு வாங்கும் காணும். அவரைப் பெற்றோல் எடுக்கச் சொல்லும் நீர்."

"அண்ணே, பெட்ரோல் எஞ்சின் ஓடுற ஆளு. டீசல் எஞ்சின் சொமக்கிற ஆளு. படகு இழுக்க எவனைக் கூப்பிடுவீங்க?"

"ஓம், சுமப்பான். எப்ப போய்ச் சேருவான் எண்டு கேளும்."

இதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

ஷோரூமில் ஒரே மாதிரி இரண்டு ஜப்பான் பிக்கப் நின்றன. உடம்பு ஒன்று, எஞ்சின் வேறு. மலையாளி சேல்ஸ்மேன் பெட்ரோல் வண்டியின் கதவைத் திறந்தார். நான் கேட்ட முதல் கேள்வி: "சேட்டா, லிட்டருக்கு எவ்வளவு ஓடும்?"

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "இவிடெ ஆரும் அது சோதிக்கில்ல சேட்டா."

இங்கே யாரும் அதைக் கேட்பதில்லையாம். உண்மைதான். அந்த ஊரில் அப்போது பெட்ரோல் விலையைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. ஆனால் நான் பிறந்த மண்ணில் டீசல் என்றால் சிக்கனம், பெட்ரோல் என்றால் பணக்காரன் திமிர். எண்ணெய்க் கிணற்றின் மேல் நின்றுகொண்டு எண்ணெயை மிச்சம் பிடிக்கப் பார்த்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அடுத்து பட்டறை வித்தையைக் காட்டினேன். டீசல் வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஒரு ஸ்க்ரூ டிரைவரை வாங்கி, அதன் முனையை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். (புத்தம் புது எஞ்சினில் என்ன கேட்கப் போகிறது? ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினேன்.) அர்பாப் அசந்துபோனார். "டாக்டர்!" என்று என் முதுகில் தட்டினார். அன்றே டீசல் வண்டி கடைக்கு வந்தது.

கொஞ்ச நாள் நான் தரையில் நடக்கவில்லை. குழாயும் டைல்ஸும் ஏற்றிக்கொண்டு சந்துக்குள் 'கடகட'வென்று போவேன். சத்தம் கேட்டே கடைக்காரர்கள் ஷட்டரைத் தூக்குவார்கள். உங்கள் அம்மாவுக்கு 'புறப்படத் தயாராக இரு' என்று எழுதிவிட்டேன்.

பிறகு வந்தது அந்த வெள்ளிக்கிழமை. நல்ல கோடை. அர்பாப் தன் மாமனாருக்கு ஒரு மீன்பிடிப் படகு பரிசாக வாங்கியிருந்தார். மாமனார் வீடு கோர்ஃபக்கானில். துபாயிலிருந்து பாலைவனத்தைத் தாண்டி, மலை ஏறி இறங்கினால் அந்தப் பக்கத்துக் கடல். மாமனார் வீட்டுக்கு மாப்பிள்ளை கெத்தாகப் போக வேண்டும் என்பது நம் ஊரில் மட்டும் இல்லை பிள்ளைகளே. அர்பாப் கஞ்சி போட்ட புது அங்கி, அத்தர் வாசனை, தானே படகோடு போய் இறங்க வேண்டும் என்று ஆசை. படகு எஞ்சினின் விளக்கப் புத்தகத்தை வாசித்துச் சொல்ல சிவஞானம் அண்ணனும் கூட வந்தார். ஒரே சீட்டில் மூன்று பேர். நடுவில் அண்ணன், அவர் முழங்காலுக்கு இடையில் கியர் கம்பி.

பாலைவனம் வரைக்கும் ராஜ ஓட்டம். ஏசி ஜில்லென்று அடித்தது. நான் எஞ்சின் பாடமே நடத்திக்கொண்டு வந்தேன். "பாத்தீங்களாண்ணே, பின்னாடி படகு இருக்கறதே தெரியல!"

"மலை இன்னும் வரேல்லை," என்றார் அண்ணன்.

தைது என்கிற ஊரைத் தாண்டியதும் ரோடு மெல்ல மேலே போக ஆரம்பித்தது. பார்த்தால் மேடு என்றே தெரியாது. எஞ்சினுக்குத் தெரிந்துவிட்டது. வேகம் குறைந்தது. பின்னால் ஹாரன் சத்தம் சேர்ந்தது. தண்ணீர் லாரி ஒன்று எங்களைத் தாண்டியது. கூரைமேல் மூட்டை கட்டிய கிழட்டு டாக்சி தாண்டியது. கடைசியாக, அதே மாமனார் வீட்டுக்குப் போகிற அர்பாபின் மைத்துனர் தன் பெரிய பெட்ரோல் பிக்கப்பில், பின்னால் ஆட்டுக்குப் புல்லோடு, எங்கள் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கினார். என்னவோ கத்திவிட்டு, சிரித்தபடி பறந்துவிட்டார்.

"என்ன சொன்னார்ண்ணே?"

"சாப்பாட்டை எடுத்து வைக்கட்டோ எண்டு கேக்கிறார்."

அர்பாப் ஒரு கையைச் சுருட்டினார்.

"கியரைக் குறையும் காணும்!" என்று அண்ணன் கிசுகிசுத்தார். "புத்தகத்திலை போட்டிருக்கு, ஏத்தத்திலை ரெண்டாம் கியர்."

"டீசல் எஞ்சினை அலற விடக்கூடாதுண்ணே. நிதானமா ஓடணும். அதுதான் அதோட குணம்."

ஆயில் எஞ்சினுக்குக் கியரே கிடையாது. அதன் குணத்தை நான் இதற்கும் மாட்டிவிட்டேன். மூன்றாம் கியரிலேயே அது முக்கி முனகி இழுத்தது. சூட்டைக் காட்டுகிற முள் எழுந்து சிவப்புக் கோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. ஏசியை அணைத்தேன்.

"டாக்டர், ஏசி?"

"கொஞ்ச நேரம் அர்பாப். ஏசியும் எஞ்சின் பலத்தைத்தான் சாப்பிடுது. மாஃபி முஷ்கில்." பிரச்சினை ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அந்த ஊரில் பிரச்சினை இருக்கும்போது சொல்கிற வார்த்தை.

முள் நிற்கவில்லை. நடு மேட்டில் நிறுத்தினால் படகோடு மறுபடி கிளம்புமா என்று எனக்கே சந்தேகம். அப்போதுதான் பட்டறையில் லாரி டிரைவர்கள் சொல்லக் கேட்ட ஒரு வித்தை நினைவுக்கு வந்தது. ஹீட்டரைப் போட்டால் எஞ்சினின் சூடு வண்டிக்குள் வந்துவிடும், எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். வித்தை சரியானதுதான். அதைப் பனி கொட்டுகிற ஊரில் செய்திருக்கலாம்.

ஹீட்டர் பிடியை இழுத்தேன். கடைசிவரை இழுத்தேன். அடுப்பு வாயைத் திறந்தது போல அனல் எங்கள் மூன்று பேர் முகத்திலும் அடித்தது.

"ஷூ ஹாதா?" என்று அர்பாப் துள்ளினார். என்ன இது என்று!

"எஞ்சினுக்கு ட்ரீட்மெண்ட் அர்பாப். அது குளிரும்."

"நான்?"

சிவஞானம் அண்ணன் முந்திக்கொண்டார். "எஞ்சினைக் காப்பாத்தி எங்களை அவிக்கிறீர் காணும்!"

ஜன்னலை இறக்கினோம். வெளிக்காற்று அதற்கு மேல். அர்பாப் தலைத்துணியை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு பிழிந்தார். கஞ்சி போட்ட அங்கி உடம்போடு ஒட்டிக்கொண்டது. அத்தரும் வேர்வையும் கலந்து எழுந்த வாசனைக்கு அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஆனால், பிள்ளைகளே, முள் இறங்கியது! சத்தியமாக இறங்கியது. நான் மட்டும் சந்தோஷமாகக் கத்தினேன்: "பாருங்க அர்பாப், எறங்குது!" அவர் பார்க்கவில்லை. கண்ணில் வேர்வை.

மேடு முடிந்து மசாஃபி கடைத்தெரு வந்ததும் "கலாஸ்!" என்றார். முடிந்தது, நிறுத்து. இறங்கி நேரே போய் ஒரு தண்ணீர்க் குழாய்க்குக் கீழே அங்கியோடு உட்கார்ந்துவிட்டார். எங்களைக் காணோமே என்று தேடி மைத்துனர் திரும்பி வந்தபோது பார்த்தது அந்தக் காட்சியைத்தான். எங்கள் வண்டியிலிருந்து படகை அவிழ்த்தார், தன் பிக்கப்பில் மாட்டினார், கிளம்பினார். முள் மறுபடி எழுந்துவிடுமோ என்று ஹீட்டரை அணைக்காமலே நாங்கள் பின்னாலேயே போனோம்.

மாமனார் வீட்டு வாசலில் ஊரே நின்றது. முதலில் படகு நுழைந்தது, காய்ந்து பளபளவென்று. பின்னால் மாப்பிள்ளை, சொட்டச் சொட்ட. மாமனார் படகையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். வாசலே சிரிப்பில் அதிர்ந்தது. அர்பாபுக்கு இரண்டு கையும் சுருண்டுவிட்டது. அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு எனக்கு மொழிபெயர்த்தார்: "படகு ரோட்டாலை வந்திருக்கு, மருமகன் கடலாலையோ நீந்தி வந்தவர் எண்டு கேக்கிறார்."

என் விசா அங்கேயே கடலில் விழுந்து மூழ்குவதை நான் கண்ணால் பார்த்தேன். பிரியாணித் தட்டு முன்னால் இருந்தது. ஒரு கவளம் இறங்கவில்லை. (இரண்டாவது தட்டு இறங்கியது என்று அண்ணன் சொல்லித் திரிந்தது பொய்.)

திரும்பும்போது அர்பாப் மைத்துனர் வண்டியில் ஏறிக்கொண்டார். நாங்கள் இருவரும் டீசலில். ஹீட்டர் பிடியைத் தள்ளினேன். அது கையோடு வந்துவிட்டது. உள்ளே கம்பி அறுந்து, அனல் நிரந்தரமாகத் திறந்துகொண்டது. ஏற்றத்தில் அண்ணன் விரலால் 'இரண்டு' காட்டினார். நான் இரண்டாம் கியர் போட்டேன். வண்டி பூ மாதிரி ஏறியது. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார்.

மறுநாள் கடையில் வேலை போய்விட்டது என்றே நினைத்து நின்றேன். அர்பாப் படகு இழுக்க ஒரு பெட்ரோல் பிக்கப்புக்குச் சொல்லிவிட்டார். டீசல் வண்டிக்கு டிரைவர் தேடினார். பதான் ஒருவர் ஏறிப் பார்த்தார், சந்து முனையிலேயே இறங்கிவிட்டார். மலையாளி ஒருவர் சாவியைத் தொடவே இல்லை. அந்த ஊரில் ஹீட்டர் கெட்டால் பார்ட் கிடைக்காது. ஹீட்டர் போடுகிறவன் இருந்தால்தானே?

கடைசியில் அர்பாப் சாவியை என்னிடம் எறிந்தார். "இதை ஓட்ட உலகத்திலேயே ஒரு ஆள்தான் இருக்கான். பாஸ்போர்ட்டைக் கொடு. உன் சம்சாரத்தோடதையும் அனுப்பச் சொல்லு."

நல்லபடியாகத் தேர்ந்தெடுத்திருந்தால் அந்த வண்டிக்கு ஆயிரம் டிரைவர் கிடைத்திருப்பான். கெடுத்து வைத்ததால்தான் நீங்கள் துபாய் பார்த்தீர்கள்.

உங்கள் அம்மா செல்வியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கியதும் கோடையில்தான். பெருமையாகக் கதவைத் திறந்து உட்கார வைத்தேன். வண்டியைக் கிளப்பியதும் அனல் அடித்தது.

"ஏங்க, வெளியிலதான் சூடுன்னு சொன்னாங்க. வண்டிக்குள்ளயுமா?"

"இது டீசல் எஞ்சின். சொமக்கிற எஞ்சின். இதப் பத்தி ஒனக்குத் தெரியாது..." என்று ஆரம்பித்தேன்.

"எல்லாம் அப்புறம் சொல்லலாம். மொதல்ல ஹீட்டர அமத்துங்க."

ஹீட்டருக்குப் போகிற குழாயை மடக்கிக் கட்டியிருந்தாலே போதும் என்பது அதற்குப் பிறகுதான் இந்த டீசல் மெக்கானிக்கின் மண்டையில் உதித்தது. கட்டினேன். அந்த வண்டி வருஷக்கணக்காக ஒரு கோளாறும் இல்லாமல் உழைத்தது. ஆனால் அம்மா வாயைக் கட்ட முடியவில்லை. கட்சி, கல்யாணம், காய்ச்சலுக்குக் கஷாயம், எதைப் பற்றியாவது நான் அடித்துப் பேச ஆரம்பித்தால் அவளிடமிருந்து அந்த ஒரு வார்த்தைதான் வரும். அவளிடமிருந்து உங்களுக்குத் தொற்றி, இப்போது செல்வியின் மகள் வரைக்கும் போய்விட்டது. போன வாரம் மருமகன் புது வண்டி விஷயமாக என்னிடம் யோசனை கேட்டார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொண்டையைச் செருமினேன், அவ்வளவுதான். இங்கிலீஷில் மட்டுமே பேசுகிற அந்தக் குட்டி சுத்தமான ஒரத்தநாட்டுத் தமிழில் சொல்கிறது:

"தாத்தா, ஹீட்டர அமத்துங்க!"

அமர்த்திவிட்டேன். மருமகன் பெட்ரோல் வண்டிதான் எடுக்கப் போகிறாராம். எடுக்கட்டும். மேட்டில் இரண்டாம் கியர் போடச் சொல்லுங்கள். சுமப்பதற்கு இன்றைக்கும் டீசல்தான்.