முப்பத்தொரு வாசலும் ஒரு சிவப்புப் பென்சிலும்

அந்த யோசனை எனக்குள் உதித்தபோது, பம்மலில் ஒரு தெருமுனையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, செருப்பில் அப்பிய தோல் பதனிடும் ஷெட் சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். முட்டாள்தனம் என்னிடம் நேராக வராது. அறிவாளி வேஷம் கட்டிக்கொண்டுதான் வரும்.

அறுபதுகளின் கடைசி. இருபத்திரண்டு வயது, பி.எஸ்ஸி., அம்மை குத்தும் தற்காலிக உத்தியோகம். பெரியம்மை பரவிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு நோயாளி ஒளிந்திருந்தாலும் தெருவே படுத்துவிடும். 'முதலில் நோயாளியைக் கண்டுபிடி, பிறகு எல்லாருக்கும் குத்து' என்பது எங்கள் சுகாதார டாக்டரின் உத்தரவு. இந்தத் தெருவை ஒழுங்காக முடித்தால் வேலை நிரந்தரம்.

எதிர்வீட்டு வாசலில் காய்ந்த வேப்பிலைக் கொத்து தொங்கியது. அம்மை கண்ட வீட்டில் இலை செருகுவார்கள் என்பது ஊர் உலகத்துக்கே தெரிந்த விஷயம். எனக்கு மட்டும் அது விஞ்ஞானக் கண்டுபிடிப்பாகப் பட்டது. கதவைத் தட்டுவானேன், திட்டு வாங்குவானேன்? இலையை எண்ணினால் போதுமே. (இதற்குப் பட்டப்படிப்பு வேறு.)

குழாயடியில் குடத்தோடு நின்ற கன்னியம்மா அக்காவிடம் பெருந்தன்மையாக அறிவித்தேன்.

"இலை கட்டின வீட்டுல இப்போ குத்தமாட்டேன். பேர் மட்டும் எழுதிக்குவேன்."

"மெய்யாலுமா சார்? இலை கீற வூட்டாண்ட வரவே மாட்டியா?"

"வரமாட்டேன்."

அவள் முகத்தில் வந்த நிம்மதியை, என்மீது பிறந்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் முப்பத்தொரு வீட்டில் முப்பது வாசலில் இலை; அந்தக் காய்ந்த கொத்தைத் தவிர எல்லாம் பச்சைப்பசேல். மூளையுள்ளவன் சந்தேகப்பட்டிருப்பான். நான் ஆனந்தப்பட்டேன். இலை இல்லாத ஒரே வீடு சாமுவேல் வாத்தியாருடையது. இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலை அடைத்து நின்றார்.

"நாங்க இந்த இலை தழையெல்லாம் நம்புறதில்ல தம்பி."

"படிச்சவங்க சார் நீங்க" என்று கும்பிட்டு, 'நோய் இல்லை' என்று எழுதினேன். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு தெருவை வரைபடமாக வரைந்து, முப்பது வீட்டுக்கும் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு டாக்டருக்கு அனுப்பினேன்.

ஜீப் பறந்து வந்தது. முதல் வீட்டு 'நோயாளி' கருவாட்டைக் கடித்துக்கொண்டு பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது 'நோயாளி' கூரைமேல் ஏறிக் கீற்று மாற்றிக்கொண்டிருந்தான். டாக்டர் மூன்றாவது வீட்டுக்குப் போகவில்லை. என்னைப் பார்த்தார்.

கன்னியம்மா அக்கா விளக்கினாள். "குத்திகினா ஜுரம் வரும், கை தூக்க முடியாது, ஷெட்டுல கூலி பூடும். சார்தான் வழி சொன்னாரு."

"அந்தக் காஞ்ச இலை?" என்று ஈனக்குரலில் கேட்டேன்.

"அவங்களுக்குப் போன மாசமே தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சு. இலையை எடுக்க மறந்துட்டாங்க."

டாக்டர் கேட்டார்: "அப்போ இந்தத் தெருவுல அம்மையே இல்லையாம்மா?"

"ஏன் இல்ல? வாத்தியார் வூட்ல கீது. அவரு மச்சான் அஞ்சு நாளா உள்ரூம்ல படுத்துகினு கீறாரு."

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"நீ எங்க கேட்ட? இலையைத்தான எண்ணிகினு போன."

டாக்டர் என் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பென்சிலை உருவித் தன் பையில் வைத்துக்கொண்டார். வாத்தியார் மச்சான் முகத்தழும்புகளோடு பிழைத்தார். எஞ்சிய தெரு பிழைக்க, முப்பத்தொரு கதவையும் தட்டினேன். "மொதல்ல உன் கையில குத்திக் காட்டு" என்றாள் கன்னியம்மா அக்கா. குத்திக்கொண்டேன். ஜுரம் வந்தது, கை தூக்க முடியவில்லை. அவள் சொன்னது அத்தனையும் உண்மை. வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு வருடம் ஆனது.

இப்போது கல்யாணமும் ஆகிவிட்டது; நாளை முதல் எனக்குக் கீழ்க்கட்டளை ஊரில் அம்மை குத்தும் வேலை. இந்த முறை வாசலை அண்ணாந்து பார்ப்பதாக இல்லை. நேராகக் குழாயடிக்குப் போய், யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, அப்புறம் ஒவ்வொரு கதவாகத் தட்டப்போகிறேன். திட்டத்தை மனைவியிடம் விரிவாக விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தாள்.

"அங்க வேப்பமரம் ஜாஸ்தியாம். பென்சிலை இங்கேயே வெச்சுட்டுப் போங்க."