தண்ணி வடியும் கையுறை

மனித குலம் இதுவரை செய்து முடித்த பெரிய வேலைகளை எண்ணிப் பார்த்தால் மூன்றுதான் தேறும்: சந்திரனில் கால் வைத்தது, மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் பாலத்தால் ஒட்டியது, பேசாலைச் சந்தியோகு கம்பளி நூலில் கையுறை பின்னியது. முதல் இரண்டிலும் பிழை இருக்கிறது என்று சந்தியோகுவே சொல்லியிருக்கிறார்.

சந்தியோகு ஓர் ஆள் அல்ல, ஓர் இனம். ஒரு தொழிலை நன்றாகப் பழகிவிட்டு, அந்த ஒன்றை வைத்தே உலகத்தின் மிச்சத் தொழில்களையெல்லாம் தீர்த்துவிடுகிற இனம். சைக்கிள் திருத்துகிறவர் புருசன் பெண்சாதிச் சண்டையை விலக்க வந்தால், செயின் இறுக்கம் காணாது என்பாரே, அவரும் இதில் சேர்த்தி. உங்கள் தெரு ஒழுங்கையில் ஒருவர் இல்லையா? நன்றாகத் தேடுங்கள். 'இதென்ன பெரிய வேலையே' என்று ஒரு குரல் கேட்கும்.

சண்டை முடிந்து சனம் திரும்பி வந்து குடியேறிய வருடங்களில், கூரைத் தகரத்தோடு பயிற்சி வகுப்புகளும் வந்து இறங்கின. சவர்க்காரம் செய்யப் பழக்கினார்கள், கோழி வளர்க்கப் பழக்கினார்கள். கடைசியில் ஒரு நிறுவனம், கழுதைகூட நிழல் தேடி அலைகிற எங்கள் மன்னாருக்குக் கம்பளி நூலைக் கொண்டுவந்து கையுறை பின்னப் பழக்கியது. பெண்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். சந்தியோகுவின் மனைவி பெற்றிசியா அங்கே தேத்தண்ணியோடு கொடுக்கிற பணிசுக்காகப் போனார்.

சந்தியோகு மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய மகள் றொஷேல் கலியாணம் முடித்துக் கனடா போக இரண்டு கிழமைதான் இருந்தது. பிள்ளையின் கைக்குப் போகிற முதல் கையுறை தன் கையால் பின்னியதாக இருக்கவேண்டும். பெற்றிசியாவின் நூலைத் தூக்கிக்கொண்டு தானே வகுப்புக்குப் போனார்.

ஜெயந்தினி ரீச்சர் இரண்டு ஊசியைக் கொடுத்து, மணிக்கட்டிலிருந்து தொடங்கவேண்டும், வளையங்களை எண்ணவேண்டும் என்று ஆரம்பித்தார். சந்தியோகு கையைக் காட்டி நிறுத்தினார். "ரீச்சர், முப்பது வருசமா வலை பின்னிறன்." அதோடு வகுப்பு முடிந்தது. அவர் எழும்பி வந்து, வலை ஊசியில் கம்பளி நூலைச் சுற்றி, விரலால் அளவு பிடித்து, வலைக் கண்ணுக்கு ஒரு முடிச்சாக இறுக்கினார். இவ்வளவு பெரிய கண் எதற்கு என்று பெற்றிசியா கேட்டதற்கு, பனி உருகினால் தண்ணீர் வடிய வேண்டாமா என்று திருப்பிக் கேட்டார்.  ஊரில் பனியைக் கண்டவர் யார்?

பயணத்துக்கு மூன்று நாள் இருக்க, இரண்டு கையுறையும் தயார். றொஷேல் போட்டுப் பார்த்தாள். விரல்கள் போகவேண்டிய வழியை விட்டுப் பத்து வழியால் வெளியே வந்தன.

"வடிவா இருக்கப்பா," என்றாள்.

சந்தியோகுவுக்கு அங்கேதான் இடித்தது. கறியில் உப்பு ஒரு சிட்டிகை கூடினாலும் சண்டைக்கு வருகிற பிள்ளை. அவள் புகழ்ந்தால் எங்கோ பெரிய பிழை. கையுறையைத் தன் கையில் மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்க் காற்றுக்கு முன் நீட்டினார். காற்று ஒரு கண்ணையும் தவறவிடாமல் நுழைந்தது.

அவிழ்க்கலாம் என்றால், வலை முடிச்சு அவிழ்கிற சாதியா? வெட்டத்தான் முடிந்தது. பின்னாமல் மிஞ்சியது ஒரே ஒரு நூல் பந்து. அதை எடுத்துக்கொண்டு போய் ரீச்சர் வீட்டுப் படலையில் நின்று நெடுநேரம் தொண்டையைச் செருமினார். பிறகு, அந்த இனத்தின் வாயில் ஆயுளுக்கு ஒருமுறை வருகிற வசனம் வந்தது.

"எனக்குத் தெரியாது பிள்ளை. முதல்ல இருந்து சொல்லித்தாங்கோ."

வளையத்தை எண்ணினார், பிழைவிட்டார், இழுத்து அவிழ்த்தார், திரும்பவும் எண்ணினார். சாப்பாட்டுக் கோப்பை ஆறியது. கடலுக்குப் போட்டை அவருடைய தம்பி கொண்டுபோனான். மூன்றாம் நாள் காலை நூல் முடிந்தபோது வலது கை மட்டும் முடிந்திருந்தது.

பேசாலை பஸ் தரிப்பில், காலை வெயில் முதுகைச் சுட, றொஷேல் அதைப் போட்டுக்கொண்டு நின்றாள். விரல் ஐந்தும் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. கொழும்பு பஸ் புறப்பட்டது. யன்னலால் நீலக் கம்பளிக் கை ஒன்று ஆடிக்கொண்டே போனது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள், பக்கத்து வீட்டு றொசாந்தனைத் தவிர. அது நான்தான்.

"மாமா, கனடாவில ஒரு கைக்கு மட்டும்தான் குளிருமோ?" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பஸ் கண்ணுக்கு மறையும்வரை பார்த்துவிட்டுச் சந்தியோகு மாமா என் பக்கம் திரும்பினார்.

"நான் எதைக் கண்டாலும் வலையைத்தான் எறிவன், சரி. நீ எதைக் கண்டாலும் பகிடியை எறியிறாய். உன்னை இடுப்பில காவித் திரிஞ்சவள் போறாள். அழுகை வந்தா அழன்டா."

அதற்கு என்னிடம் ஒரு பகிடியும் இருக்கவில்லை.

இவ்வளவு நேரமும் அவரைப் பார்த்துச் சிரித்தவர்களே, நீங்கள் எதை எறிகிறீர்கள்? ஒன்றும் இல்லை என்று உடனே சொல்ல வருகிறதா? அப்படியென்றால் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி வந்து இருங்கள், எனக்கும் மாமாவுக்கும் பக்கத்தில் இடம் இருக்கிறது.