இருபத்தாறு எழுத்தும் ஒரு சாய்வு நாற்காலியும்

ஒரே வாரத்தில் மகளுக்கு இங்கிலீஷ் வாசிக்கக் கற்றுக்கொடுத்துவிடுவது என்று ஞாயிறு காலை பல் துலக்கும்போது முடிவுசெய்தார் போர்டு பெயிண்டர். பிரஷ்ஷைப் பிடித்தால் அவருக்கு வீரம் வந்துவிடும், அது எந்தப் பிரஷ்ஷாக இருந்தாலும்.

காரணம் மனைவிதான். தெருவில் உள்ள வாண்டுகளைச் சாயங்காலம் ஹாலில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லித்தரப் போகிறாளாம். அந்த நேரத்தில்தான் பெயிண்டர் வேலை முடிந்து வந்து சாய்வு நாற்காலியில் சாய்வார். அவர் சாய்ந்துவிட்டால் ஹாலில் மிச்சம் கதவு மட்டும்தான்.

"ஏ-பி-சி-டி சொல்லித்தர ஒரு ஹாலா? ஊர் பூரா எழுத்து எழுதறவன் நான். நம்ம வாண்டு ஒரு வாரத்துல வாசிக்கலைன்னா ஹாலை நீயே எடுத்துக்கோ."

"வாசிச்சிட்டா?"

"நாற்காலி இருந்த இடத்துலயே இருக்கும். அப்புறம் கிளாஸ்ங்கற பேச்சே எடுக்கக்கூடாது."

"உங்க முறைப்படிதானே?"

"என் முறைதான். பெரிய எழுத்து! சின்ன எழுத்தெல்லாம் சோம்பேறி கண்டுபிடிச்சது. இருபது வருஷத்துல நான் ஒரு சின்ன எழுத்து எழுதினதில்ல. எவனாவது குறை சொல்லியிருக்கானா?"

"சரிங்க" என்றாள்.

கல்யாணமான பத்து வருடத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் 'சரிங்க' சொன்னதில்லை. புத்தியுள்ள மனுஷன் அங்கேயே உஷாராகியிருப்பான். இவர் டப்பாவைத் திறந்து பெயிண்ட்டைக் கலக்க ஆரம்பித்தார்.

"காகிதத்துலயா எழுதப் போறீங்க? உங்க கைக்குக் காகிதமாங்க? சுவர் இருக்கே."

பெயிண்டர் உருகிப்போனார்.

"அவ உயரத்துக்கு எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் கீழ கொஞ்சம் இடம் விடுங்க."

"எதுக்கு?"

"பார்க்க அழகா இருக்கும். அப்புறம், அந்த நாற்காலி மறைக்குது பாருங்க. உள் ரூமுக்குத் தள்ளிடுங்களேன்."

தள்ளினார். தானே தள்ளினார்.

புதன்கிழமைக்குள் மகள் இருபத்தாறையும் தலைகீழாக ஒப்பித்தாள். பெயிண்டர் மூன்று எழுத்தைக் காட்டினார். "வாசி."

"எஸ், யூ, என்."

"சேர்த்து வாசி."

"எஸ்யூயென்."

"வேகமா!"

"எஸ்யூயென்!"

சமையலறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "ஸ்ஸ்... அ... ன்."

"அங்க என்ன சத்தம்?"

"குக்கர்ங்க."

"குக்கர் 'அ'ன்னு கத்துமா?"

"நல்ல குக்கர் கத்தும்."

மறுநாள் பெயிண்டர் தானே கண்டுபிடித்ததுபோல அறிவித்தார்: "எழுத்தோட பேரைச் சொல்லாதே. சத்தத்தைச் சொல்லு." குழந்தை ஸ்ஸ் என்றது, அ என்றது, ன் என்றது, "சன்!" என்று குதித்தது. பெயிண்டரும் குதித்தார்.

குதித்த கால் தரையில் படுவதற்குள் மகள் கதைப் புத்தகத்தைத் திறந்துவிட்டாள். "அப்பா, நம்ம எழுத்தெல்லாம் இங்க காணோமே?"

பக்கம் முழுக்கத் தேடினார். பெரிய எழுத்து இரண்டே இரண்டு, கல்யாண வீட்டுக்குத் தேதி மாறி வந்தவர்கள் மாதிரி நின்றன. மற்றதெல்லாம் பொடிசுகள். இவர் எழுதவே எழுதாத பொடிசுகள்.

வெள்ளிக்கிழமை மனைவி கடைக்குப் போனாள். போகும்போது வகுப்புக்காக வாங்கிவைத்த சின்ன எழுத்து அட்டைகளை மேஜைமேல் மறந்துவிட்டுப் போனாள். வீட்டுச் சாவியைக்கூட ஒருநாளும் மறக்காதவள்! பெயிண்டர் கதவைச் சாத்தினார். அட்டையைப் பார்த்துப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, வயிறும் வாலும் வளைவும் வைத்து இருபத்தாறையும் எழுதினார். விட்டிருந்த இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தன.

ஞாயிறு வந்தது. மகள் புத்தகத்தையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "சன்... இஸ்... அப்!"

"ஜெயிச்சேன்! நாற்காலி வரட்டும்!"

"ஜெயிச்சீங்க, யார் இல்லைன்னது?" என்றாள் மனைவி. "ஆனா உங்க முறை பெரிய எழுத்து மட்டும்தானே? கீழ இருக்கறதெல்லாம் யார் கைங்க?"

பெயிண்டர் சுவரைப் பார்த்தார். இருபது வருடக் கை. மறைக்கவா முடியும்? எந்தக் கடைக்கும் அவர் இப்படியொரு வேலை செய்ததில்லை. செய்யவைத்தவள்மேல் கோபம்தான் வந்திருக்க வேண்டும். பாழாய்ப்போன பெருமைதான் வந்தது. நாற்காலியை நகர்த்தி, வகுப்பறையும் கட்டிக்கொடுத்து, சத்தம் சொல்லித்தரும் வித்தையையும் கற்றுக்கொண்டாயிற்று. அவள் கையில் ஒரு சொட்டுப் பெயிண்ட் இல்லை.

திங்கள் சாயங்காலம் வீட்டு வாசலில் எட்டு ஜோடிக் குட்டிச் செருப்புகள். உள்ளே எட்டு வாயும் குக்கராகி ஸ்ஸ் என்றன. மனைவி சுவரருகே நின்றிருந்தாள், அந்தச் சுவரே அவளுக்காகப் பிறந்ததுபோல.

"நான் எங்கம்மா உக்கார்றது?" என்றார் வேலை முடிந்து வந்த பெயிண்டர்.

பாயில் மகள் நகர்ந்து இடம் விட்டாள்.

"இங்க வாங்கப்பா. ஒரு எழுத்துக்கு வாலைத் திருப்பிப் போட்டிருக்கீங்க. முதல்லேர்ந்து படிங்க."