மூன்று சிப்பும் ஒரே ஷேடு

இரண்டு பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. எது உசத்தி என்று பார்த்தே தீர வேண்டும். இது என் குற்றமில்லை, தொழிலின் குற்றம். திருப்பூர் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் இருபது வருடமாக மெர்ச்சன்டைசர் நான். வெளிநாட்டுக்காரர் கேட்ட நீலமும் நாங்கள் சாயம் போட்ட நீலமும் ஒரே ஷேடுதானா, ஒரே லாட்டில் சாயம் போட்டதுதானா என்று பார்த்துப் பார்த்து, கல்யாணப் பந்தியில் இரண்டாம் முறை சாம்பார் ஊற்றியவரிடம், "ஏனுங்க, இது அதே லாட்டுங்களா?" என்று கேட்டவன். (பக்கத்து இலையில் என் சொந்த மச்சான். என்னை யாரென்றே தெரியாதவர் மாதிரி பாதியில் எழுந்து போனார்.)

இந்தப் புத்தியோடு பழைய கம்ப்யூட்டர் பைத்தியமும் சேர்ந்தது. கொரோனா அடங்கிக்கொண்டிருந்த நேரம். பல்லடம் ரோட்டுப் பழைய இரும்புக் கடையில், நாற்பது வயதான வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றைப் பிடித்து வந்து, ஒரு மெக்கானிக்கைக் கெஞ்சி ஓட வைத்திருந்தேன்.

"இதுல என்னங்க பண்ணுவீங்க?" என்றாள் என் மனைவி கவிதா.

"இதுலயா? எல்லாம் பண்ணலாம்."

"அப்படியே இந்த மாச கரண்ட் பில்லக் கட்டுங்க, பாக்கலாம்."

அந்தக் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினால் உள்ளே காலிக் குழிகள் இருக்கும். அதில் ரோம் சிப் என்ற ஒன்றை அழுத்தினால் கம்ப்யூட்டருக்குப் புதிதாக வேலை தெரிந்துவிடும். ஒரு சிப், எழுதிய நிரலில் ஒரு சொல்லைத் தேடித் தரும். இன்னொன்று, நிரலின் வரி எண்களை வரிசையாகச் சரி செய்யும். இன்றைக்கு செல்போனில் ஆப் இறக்குகிறோமே, அதையே அன்றைக்குப் பூரான் மாதிரி கால் வைத்து விற்றிருக்கிறார்கள்.

பழைய கம்ப்யூட்டர் பிரியர்களின் வாட்ஸப் குழுவில்தான் எஸ்தர் மிஸ் அறிமுகமானார். தூத்துக்குடிப் பக்கம். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்து ஓய்வு பெற்று, இங்கே மகனோடு இருக்கிறார். அவர் வீட்டுக்கு நான் போனபோது ஒரு டப்பாவைத் திறந்து மூன்று சிப்புகளைக் காட்டினார். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு ஸ்டிக்கர்.

"தம்பி, இது ரெண்டும் வெளிநாட்டுச் சரக்கு. இது நான் செஞ்சது. பிள்ளேளு தெரியாம நிரல அழிச்சிட்டு அழும். அத மீட்டுக் குடுக்கதுக்குன்னே எழுதுனேன். இந்த ஒண்ணுதான் இருக்கு. இத்தன வருசத்துல ஒருத்தரும் மூணையும் வச்சுப் பாத்து ஒரு வார்த்த சொன்னதில்ல. நீங்க சொல்லுங்க. ஆனா முகத்துக்காகச் சொல்லாதீய, என்ன?"

"நம்முளுக்குத் தொழிலே அதுதானுங்க மிஸ்."

"அந்த ஸ்டிக்கர மட்டும் பத்திரமா பாத்துக்கிடுங்க."

பத்திரமாகத்தான் பார்த்துக்கொண்டேன். எது யாருடைய சிப் என்று தெரிந்தால் தீர்ப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் அல்லவா? அதனால் கம்பெனியில் செய்வதுபோல ஸ்டிக்கர் மூன்றையும் நோகாமல் உரித்து, பர்ஸுக்குள் வைத்து, சிப்புகளின் அடியில் ஏ, பி, சி என்று எழுதினேன். ஸ்டிக்கர் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு கண்ணாடி சன்னல். அடடே, எவ்வளவு அழகு என்றுகூட நினைத்தேன்.

அத்தோடு விட்டேனா? எங்கள் ஆபீஸில் கூரியரில் வரும் துணி சாம்பிள்களுக்குக் கிருமி நீக்க ஒரு புற ஊதா விளக்குப் பெட்டி வாங்கி வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்த பொருள், நம்மால் யாருக்கும் கேடு வேண்டாம் என்று மூன்று சிப்பையும் அதில் வைத்தேன், சன்னல் மேலே பார்க்கும்படி. அரை மணி நேரம். டீ குடித்துவிட்டு வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு அரை மணி நேரம்.

ஞாயிற்றுக்கிழமை ஏ-வைக் குழியில் அழுத்தினேன். கட்டளை கொடுத்தேன். கம்ப்யூட்டர் 'எனக்குத் தெரியாது' என்றது. பி-யைப் போட்டேன். தெரியாது. சி-யும் அதே. சரி, குழியில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். ஆனால் சாயங்காலம் ரிப்போர்ட் தருகிறேன் என்று குழுவில் ஜம்பமாகச் சொல்லியாகிவிட்டதே! கம்பெனியில் பயிற்சி பெற்ற கை, தானாக எழுதியது: 'மூன்று சிப்பும் ஒரே ஷேடு. வித்தியாசம் ஏதுமில்லை. எஸ்தர் மிஸ்ஸின் சிப், வெளிநாட்டுச் சிப்புகளுக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல.' (அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதுதான் கொடுமை.)

பத்து நிமிடத்தில் மிஸ் போனில் கூப்பிட்டார். குரலில் அத்தனை சந்தோஷம்.

"சொல்லத் தேடுத கட்டள இருக்கே தம்பி, அது எதுல வேகம்?"

"மூணுலயும் ஒரே வேகமுங்க மிஸ்."

"எஞ்சிப்புல தேடுத கட்டளையே கிடையாதே."

"அப்படீங்களா மிஸ்…" என்று இழுத்தேன்.

"தம்பி… அந்த ஸ்டிக்கரு இருக்குல்லா?"

"இருக்குதுங்க மிஸ்! மூணும் பத்திரமா பர்ஸுக்குள்ள இருக்குது!"

 மிஸ் மெதுவாகச் சொன்னார். அந்த சன்னலில், வெயிலிலும் இருக்கிற புற ஊதா ஒளி பட்டால் சிப்பில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அதைத் தடுக்கத்தான் ஸ்டிக்கர். சிப்பை அழிப்பதற்கென்றே ஒரு பெட்டி விற்பார்களாம். எங்கள் ஆபீஸ் பெட்டியேதான் அது, பெயர் மட்டும்தான் வேறு. அழிந்ததை மீட்கும் சிப்பை அழித்த உலகின் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கவிதாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மிஸ் வீட்டுக்குப் போனேன். தனியாகப் போகத் தைரியமில்லை. மிஸ்ஸுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

"வெளிநாட்டுச் சிப்பு ரெண்டும் இன்டர்நெட்ல கிடைக்கும், திரும்பப் பதிச்சுக்கிடலாம்" என்றார். "என்னோடது இதுலதான் இருக்கு." பீரோவிலிருந்து ஒரு கட்டுக் காகிதம் வந்தது. பழைய பிரின்டரில் அடித்த எண்கள், எட்டாயிரத்துச் சொச்சம்.

"குடுங்க மிஸ்" என்று கை நீட்டியது கவிதா. "நான் படிக்கறேனுங்க, இவரு அடிக்கட்டும். இவரையே படிச்சு அடிக்கச் சொன்னா, எல்லாம் ஒரே மாதிரி இருக்குதுன்னு எழுதிப்போடுவாரு."

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். அவள் படிக்க, நான் அடிக்க, மிஸ் சரி பார்த்தார். நடுவில் நான் கொட்டாவி விட்டால் கவிதா அதே வரியை மறுபடி முதலிலிருந்து படிப்பாள். கடைசியில் மிஸ்ஸே மூன்று சிப்பிலும் அததைப் பதித்து, ஸ்டிக்கரை ஒட்டி, என் முன்னால் வைத்தார்.

இந்த முறை ஒழுங்காகப் பார்த்தேன். மூன்றிலும் ஒரே நிரலை ஏற்றி, அழித்து, மீட்டு, கடிகாரம் வைத்து. பார்த்ததை அப்படியே சொன்னேன்.

"மீட்கறதுல உங்குளுதுதானுங்க மொதல்ல. மத்த ரெண்டும் பக்கத்துலகூட வரலீங்க. ஆனா மிச்சம் எல்லாத்துலயும் உங்குளுது கடைசிங்க மிஸ்."

 "கடைசின்னு சொன்னீய பாருங்க, அதனாலதான் முதல்லன்னு சொன்னத நம்புதேன்" என்றார் மிஸ். 

இதோடு முடிந்திருந்தால் மரியாதையாகப் போயிருக்கும். ஆனால் எனக்கு உச்சந்தலை வழுக்கை, அந்தச் சிப்பின் சன்னல் மாதிரியே வட்டமாக, பளபளவென்று. விசேஷ வீட்டில் நான் பந்தலுக்கு வெளியே வந்து நின்றால் போதும், கவிதா அத்தனை சொந்தத்துக்கும் கேட்கிற மாதிரி, "ஏனுங்க, உள்ள வாங்க. வெயில் பட்டா அழிஞ்சிரும்!" என்று கூப்பிடுவாள். போன கிறிஸ்துமஸுக்கு மிஸ் வீட்டுக்குக் கிளம்பும்போது என் மகள் பின்னாலிருந்து தலையைத் தடவிக் கொடுத்தாள். பாசம் என்று நினைத்துக்கொண்டேன். பனியனில் குறை இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுவோமே சிவப்பு அம்பு ஸ்டிக்கர், அதில் ஒன்று உச்சியில் இருந்திருக்கிறது. மிஸ் கேக்கைத் தட்டில் வைத்துக்கொண்டே பார்த்தார், சிரிக்கவில்லை. நான் விஷயம் புரிந்து தலைக்குக் கையைக் கொண்டுபோனபோது தடுத்தார்.

"அத எடுக்காதீய தம்பி. உள்ள ஏதோ கொஞ்சம் மிச்சம் இருக்கு."