என் மூக்கு போட்ட தும்மல்

மூக்கு பெரிதாக இருந்தால் அது நம்முடையது மட்டும் அல்ல, ஊர்ப்பொது. யார் வேண்டுமானாலும் அதைப் பற்றிப் பேசலாம். தாராவியில் எங்கள் சந்தில் பேசினார்கள், பள்ளியில் பேசினார்கள். ஆனால் என் மூக்கை மேசை மேல் வைத்து, மோட்டார் பூட்டி, ஆள் கூட்டிக் காட்டியது நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த கம்பெனிதான்.

மும்பையிலேயே விக்ரோலியில் முகக்கவசம் தயாரிக்கும் சின்னக் கம்பெனி. அதன் ஆய்வுக்கூடத்தில் நான் தற்காலிக உதவியாளர். மூச்சோடு உள்ளே போகும் தூசி மூக்கில் எங்கெங்கே தங்குகிறது என்று பார்க்க, என் மேலதிகாரி குல்கர்ணி மேடத்துக்கு ஒரு மனித மூக்கு தேவைப்பட்டது. சைனஸ் தொல்லைக்காக நான் எடுத்திருந்த ஸ்கேனைக் கேட்டார். (வேலை நிரந்தரமாகும் என்றால் மூக்கென்ன, காதையும் சேர்த்தே கொடுத்திருப்பேன்.) அதை வைத்து, தொண்டை வரைக்கும் உள்வழி தெரிகிற மாதிரி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் என் மூக்கை அச்சடித்துவிட்டார்கள்.

கம்பெனி விழாவுக்கு வீட்டாரும் வரலாம் என்றார்கள். அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அம்மா அந்தப் பிளாஸ்டிக் மூக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இது ஒன் மூக்காட்டி?"

"ஆமாம்மா."

"மூக்குத்தி இல்லாம மூளியால்லா இருக்கு."

செய்துகாட்டும் பொறுப்பு என்னுடையது. வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசையுடன் பெரிய முதலாளியே பார்க்க வந்திருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் உன் வேலை நிரந்தரம் என்று மேடம் காதோடு சொல்லியிருந்தார்.

மூச்சை இழுக்கும் வேலையை ஒரு பழைய வேக்குவம் கிளீனர் செய்தது. அதன் குழாயைத் தொண்டைப் பக்கம் மாட்டி, மூக்குத் துவாரத்துக்கு எதிரே கரண்டியில் கொரகொரப்பான பச்சைத் தூளைப் பிடித்தேன். சர்ரென்று இழுத்தது. பெரும்பகுதி வாசலிலும் உள்ளே முதல் வளைவிலும் ஒட்டிக்கொண்டது. பெரிய துகளுக்கு வளைவில் திரும்பத் தெரியாது, நேரே போய் மோதிவிடும் என்று இந்தியில் விளக்கினேன். கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டல்தான் வினை. அடுத்தது மாவு போன்ற மஞ்சள் தூள். அது வளைவைத் தாண்டித் தொண்டை வரை போகும். நடுவில் வடிகட்டியைத் துடைக்கக் குழாயைக் கழற்றினேன். திரும்ப மாட்டும்போது என் கவனம் முழுக்க என் புகழில் இருந்தது. அந்த இயந்திரத்துக்கு இரண்டு ஓட்டை. ஒன்று இழுக்கும், ஒன்று ஊதும்.

"பாஸ் சே தேக்கியே, சர்" என்று பக்கத்தில் வந்து பார்க்கச் சொன்னேன். முதலாளி கிட்டே குனிந்தார். சுவிட்சைப் போட்டேன்.

என் மூக்கு தும்மியது.

கரண்டியில் இருந்த மஞ்சளும் உள்ளே ஒட்டியிருந்த பச்சையும் அவர் முகத்தில். மீசை மஞ்சள், நெற்றியெல்லாம் பச்சைப் புள்ளி. அப்போது பின்னாலிருந்து, என்னை வளர்த்த பழக்கத்தில், அம்மா சொன்னாள்:

"நூறு!"

பிள்ளை தும்மினால் நூறு வயது இரு என்று வாழ்த்துகிற நூறு. அடுத்த நொடி முதலாளியே தும்மினார்.

"இருநூறு!"

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். பாடம் நடத்தினேன். "தும்மலில் வருவது பெரிய துகள் சர், மூக்கிலேயே நின்றது. இப்போது இருமுகிறீர்களே, அது சின்னது, வளைவு தாண்டிவிட்டது." அவர் இருமிக்கொண்டே கைக்குட்டையில் மூக்கைச் சிந்தி, விரித்துப் பார்த்தார். பச்சை.

"பொண்ணு சொல்றது சரிதான்" என்றார் இந்தியில், கரகரத்த குரலில். பிறகு, "அந்த அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

அப்பா தன் தாராவி இந்தியில் கைகூப்பி விளக்கினார்: "சாப், ஆப்கோ தோ சௌ சால் கா உமர் தியா." உங்களுக்கு இருநூறு வருஷ ஆயுசு கொடுத்துவிட்டாள் என்று.

முதலாளி சிரித்தார். அதன்பிறகுதான் மற்றவர்களுக்குச் சிரிக்கத் துணிச்சல் வந்தது. நான் கழிவறைக்குள் ஓடி அழுதேன். மேடம் வந்து கதவைத் தட்டினார். "வெளியே வா, முகம் கழுவு. அவரே கழுவிட்டு டீ குடிச்சுட்டிருக்கார்."

வேலை நிரந்தரமானது. இயந்திரத்தின் ஊதும் ஓட்டைக்கு மேலே சிவப்பு பெயிண்டில் என் பெயரையும் எழுதிவிட்டார்கள். அதுவும் நிரந்தரம்தான்.

வீட்டில் இப்போது நான் தும்மினால் அம்மா வாயைத் திறப்பதற்குள் அப்பா கை காட்டி நிறுத்துகிறார்.

"பொறுட்டி. தும்முனது இவளா, கம்பெனி மூக்கா? ஆள் தெரியாம நூறு குடுத்துரக் கூடாதுல்லா."