நான்கு வட்டமும் ஒரு மீனம்மாவும்

அக்கரப்பத்தனை,
ஆடி மாதம், 1961.

மரியாதைக்குரிய மச்சான் சிவசாமி அவர்களுக்கு வீரய்யா கும்பிட்டு எழுதுவது. டயகமவில் உங்கள் வீட்டார் எல்லோரும் இருமல், சளி இல்லாமல் இருக்க முருகன் துணை. இங்கு நாங்கள் சுகம், என் மகள், உங்கள் மருமகள் மீனம்மாவைத் தவிர. அவளுக்கு நோய் ஒன்றும் இல்லை. எந்த வட்டத்திலும் நிற்கவில்லை, அதுதான்.

விஷயம் என்னவென்றால், தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டர் பேரின்பநாயகம் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகள் பிற்காலத்தில் என்ன வேலைக்குப் போகலாம் என்று யோசிக்கட்டுமே என்று முற்றத்தில் சுண்ணாம்பால் நான்கு வட்டம் போட்டு, உத்தியோகங்களை இனம் பிரித்து, கணக்கு எழுதுவது ஒன்றில், மருந்து கொடுப்பது ஒன்றில், இயந்திரம் ஓட்டுவது ஒன்றில், மண்ணில் பாடுபடுவது ஒன்றில் என்று வைத்து, பிடித்த வட்டத்தில் போய் நிற்கச் சொன்னார். பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார், அங்கேதான் தப்பு செய்தார். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில் எந்த வரிசையில் நிறுத்துகிறார்களோ அதுதான் அன்றைய வேலை என்று பழகிய சனம் நாங்கள். நின்றால் உத்தியோகம் நிச்சயம் என்று ஆளாளுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருந்து வட்டத்துக்கு ஓட, அடுத்த வீட்டுப் பேச்சியம்மா இடுப்பில் இருந்த கைக்குழந்தையையும் உள்ளே வைத்துவிட்டாள். "ஐயோ, இப்ப ஒருத்தருக்கும் உத்தியோகம் தரேல்லை!" என்று மாஸ்டர் கத்தியது யார் காதிலும் விழவில்லை. மண் வட்டத்தில் ஒரு கோழி மட்டும் நின்றது.

மீனம்மாவை நானும் தள்ளித்தான் விட்டேன். அவள் வெளியே வந்து, நான்கு வட்டத்துக்கும் நடுவில் அண்ணாந்து நின்றாள். "ஏம்மா இங்க நிக்கிற?" என்றேன். "மேகம் எறங்குதுப்பா. அங்க ஒரே கூட்டம், தெரிய மாட்டேங்குது" என்றாள். மச்சான், உண்மையாகவே இறங்கியது. மலையை மூடி, தேயிலையை மூடி, நாங்கள் குடியிருக்கும் லயத்துக் கூரைகளை ஒவ்வொன்றாக மூடி, சத்தம் போட்ட சனத்தையும் மூடி, கடைசியில் நானும் அவளும் மட்டும் எங்கோ மிதக்கிற மாதிரி இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ. உங்களிடம் மட்டும் சொல்கிறேன், எனக்குச் சுகமாக இருந்தது.

ஆனால் அந்தச் சுகம் சோறு போடுமா? "இவவை எந்த வட்டத்திலை விடுறதெண்டு எனக்கும் விளங்கேல்லை. தலவாக்கலைப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிப் படிப்பியுங்கோ, அவவே கண்டுபிடிப்பா" என்கிறார் மாஸ்டர். வட்டம் இல்லாதவளைப் பஸ் ஏற்றி என்ன படிக்க வைப்பது? நாளையிலிருந்து கொழுந்து பறிக்கக் கணக்கப்பிள்ளையிடம் அவள் பேரைக் கொடுத்துவிட்டேன். உங்கள் தங்கச்சி என்னோடு பேசுவதில்லை, அழுகிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்து சமாதானம் சொல்லுங்கள். வரும்போது பிள்ளைக்கு ஒரு சின்னக் கொழுந்துக் கூடையும் கொண்டு வாருங்கள்.

பெரியவர்களுக்குக் கும்பிடு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், உங்கள் பசுமாட்டுக்குச் சுகப்பிரசவம்.

இப்படிக்கு,
வீரய்யா

பி.கு. (மறுநாள்): கூடை வேண்டாம் மச்சான். இன்று காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை "மீனம்மா" என்று கூப்பிட்டார். என் பக்கத்தில் நின்ற மகள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் என் வாய், என்னைக் கேட்காமலே, "அது பள்ளிக்கூடம் போற புள்ள, ஐயா" என்று சொல்லிவிட்டது.